நிறம் மாறும் மலையும் நிலைமாறாப் பொருளும்

(திருவிழாக் கால சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு அறிமுகம் தேவைப்படாத மலை ஒன்று உண்டு. சுங்கைப் பட்டாணியிலிருந்து வடக்கே செல்வோருக்கும், கூருனில் ரயிலை விட்டு இறங்குவோருக்கும், யான் வயல்வெளியில் நிற்போருக்கும், மெர்போக் கழிமுகத்தில் படகில் வருவோருக்கும் முதலில் கண்ணிற்படுவது அம்மலையே. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திற்குச் சமவெளியிலிருந்து தனித்து எழுந்து நிற்கும் குனோங் ஜெராய்தான் அது. பிரிட்டிஷார் அதனைக் கெடா சிகரம் என்றனர். தோட்டத்து மக்களோ பெயரெதுவும் சொல்லாமல் 'மலை' என்றே வழங்கினர். சொந்த வீட்டாரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் தமிழர்க்கு இல்லையல்லவா?

இம்மலையைப் பற்றிச் சிறுவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. காலையில் ஒரு நிறமாகவும், நண்பகலில் வேறு நிறமாகவும், மாலையில் மற்றொரு நிறமாகவும் மலை தோன்றுகிறதே. அதன் உண்மையான நிறம் எது? சிறுபிள்ளைத்தனமான கேள்வியாகத் தோன்றினாலும் மெய்ஞ்ஞானமும் விஞ்ஞானமும் இக்கேள்வியின் வாசலிலேயே சந்திக்கின்றன.

பெரட்டுக் களத்திலிருந்து கண்ட மலை

பொழுது புலராத வேளையில் பெரட்டுக்கு வந்து நின்ற பால்மரத் தொழிலாளிக்கு மலை வெறும் காட்சிப் பொருளன்று. அன்றைய கூலியை அறிவிக்கும் பலகை அது. இருளில் மலையின் உருவம் கருமையாக, கோடு கிழித்தாற்போல் தெளிவாகத் தெரிந்தால் மனம் நிம்மதி அடையும். மேகம் இறங்கி உச்சியை மூடி, மலை சாம்பல் நிறமாகிக் கரைந்துவிட்டால் கவலை பிறக்கும். மழை வந்தால் மரப்பட்டை நனையும். பட்டை நனைந்தால் பால் வெட்ட இயலாது. மங்கில் விழ வேண்டிய பால் மழைநீரோடு கலந்து வீணாகும். அன்றைய கூலியும் அத்துடன் போகும். ஆகவே மலையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது அம்மக்களுக்கு அழகுணர்ச்சி மட்டுமன்று, வயிற்றுப்பாடுமாகும்.

மலைக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் உள்ள கூருன், பீடோங் வட்டாரத்தார்க்குக் காலைக் கதிரவன் முதுகுப் புறத்தில் எழுவான். அவன் ஒளி நேரே மலைமுகத்தில் விழும். முதலில் செம்மை படரும். சிறிது நேரத்தில் அது பொன்னாகும். வெயில் ஏற ஏறப் பசுமை தெளியும். மாலையிலோ கதிரவன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் அவர்கள் காணும் மலை கருநீலமாகிப் பின்பு கரிய திரையாகிவிடும். மேற்கே யான் கரையில் வாழ்வோருக்கு இவையெல்லாம் தலைகீழ். அவர்களுக்குக் காலை மலை கரியது. மாலை மலை பொன்னிறம்.

ஒரே மலை, ஒரே மாலை நேரம். கூருனில் நிற்பவர் 'மலை கருத்துவிட்டது' என்பார். யானில் நிற்பவர் 'மலை தகதகக்கிறது' என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. தாம் நிற்கும் இடத்திலிருந்து கண்டதைச் சொல்கின்றனர். குடும்பங்களிலும் சங்கங்களிலும், ஏன், ஆலய நிருவாகங்களிலும்கூட எழும் பிணக்குகளில் பாதி இவ்வகையைச் சேர்ந்தவையே. எதிர்த்தரப்பார் நிற்கும் இடத்திற்கு ஒருமுறை நடந்து சென்று பார்க்கும் பொறுமை இருந்தால் பல வழக்குகள் தீர்ந்துவிடும்.

விஞ்ஞானம் கூறும் விளக்கம்

மலையின் நிறம் ஏன் மாறுகிறது? கதிரவனின் வெண்ணிற ஒளியில் எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன. அவ்வொளி காற்றுமண்டலத்தின் ஊடே வரும்போது காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் அதனைச் சிதறடிக்கின்றன. அலைநீளம் குறைந்த நீலம் மிகுதியாகச் சிதறும். அலைநீளம் கூடிய சிவப்பு குறைவாகச் சிதறும். நீல ஒளி சிவப்பு ஒளியைக் காட்டிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகச் சிதறுகிறது. இவ்விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ராலே வகுத்துரைத்தார்.

காலையிலும் மாலையிலும் கதிரவன் அடிவானத்தில் இருப்பதால் அவன் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியுள்ளது. வழியிலேயே நீலம் சிதறிப்போக, எஞ்சிய செம்மையும் பொன்மையுமே மலைமேல் வந்து விழுகின்றன. தொலைவிலிருந்து நண்பகலில் காணும் மலை நீலமாகத் தோன்றுவதற்கும் காரணம் இதுவே. பார்ப்பவருக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்றின் நிறமே அந்நீலம், மலையின் நிறமன்று. அருகே செல்லச் செல்ல நீலம் விலகிப் பசுங்காடு புலப்படும். காட்டுக்குள் புகுந்தால் பசுமைக்கு அடியில் பாறை தெரியும்.

இவ்விடத்தில் தமிழ் மண்ணில் பிறந்த பேரறிஞர் ஒருவரை நினைவுகூர்வது தகும். 1888-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், 1921-இல் ஐரோப்பா சென்று கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு வியந்தார். அந்நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்று அதுவரை கூறப்பட்டு வந்தது. இராமன் அதை ஏற்காமல் கப்பலிலேயே சோதித்துப் பார்த்தார். நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிறுவினார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி 1928-இல் இராமன் விளைவைக் கண்டறியச் செய்தது. 1930-இல் நோபெல் பரிசையும் பெற்றுத் தந்தது. பலரும் பார்த்துப் பழகிய நிறத்தை 'ஏன்?' என்று கேட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்த பேறு அது. மலை ஏன் நிறம் மாறுகிறது என்று கேட்கும் பிள்ளையை 'சும்மா இரு' என்று அடக்கிவிடும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

பாறைக்கென்றும் சொந்த நிறங்கள் உண்டு. ஜெராய் மலையில் வெண்மை சார்ந்த குவார்ட்சைட்டுப் பாறையும் கருங்கல்லும் இரும்புத் தாதும் உள்ளன. இரும்பு காற்றோடும் நீரோடும் சேர்ந்து துருவாகும்போது மண்ணும் கல்லும் செம்மை பெறுகின்றன. நனைந்த பாறை ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் கருத்துத் தோன்றும், காய்ந்தபின் வெளுக்கும். அலோர் ஸ்டாருக்கு வடக்கே வயல்களின் நடுவில் நிற்கும் குனோங் கெரியாங் சுண்ணாம்புக் குன்று. சாம்பல் நிறமான அதன் செங்குத்துச் சுவர்களில் நீர் வழிந்த தடங்கள் பாசியால் கருத்தும், இரும்புக் கறையால் காவி நிறமாகியும் காணப்படும். மழைக்கு முன் ஒரு முகமும் மழைக்குப் பின் ஒரு முகமும் அதற்கு உண்டு.

அருணாசலத்தின் நான்கு வடிவங்கள்

நிறம் மாறும் மலை என்றதும் அடியார் நெஞ்சில் எழும் திருத்தலம் திருவண்ணாமலை. 'அருணம்' என்றால் செம்மை. 'அசலம்' என்றால் அசையாதது. மாறுவதற்குரிய நிறத்தையும் மாறாமைக்குரிய நிலையையும் ஒரே பெயரில் கட்டி வைத்த முன்னோரின் நுட்பம் வியக்கத்தக்கது.

திருமாலும் பிரமனும் அடிமுடி தேடிக் காணாத சோதிப் பிழம்பே மலையாகக் குளிர்ந்தது என்பது தலபுராணம். அம்மலை கிருத யுகத்தில் அக்கினி மலையாகவும், திரேதா யுகத்தில் மாணிக்க மலையாகவும், துவாபர யுகத்தில் பொன்மலையாகவும், கலியுகத்தில் கல்மலையாகவும் விளங்குவதாகக் கூறப்படும். நெருப்பாய் நின்றால் அணுக இயலாது. மாணிக்கமாகவும் பொன்னாகவும் நின்றால் மாந்தர் ஆசை அதனை விட்டுவைக்காது. ஆதலால் ஏழை எளியவரும் அஞ்சாமல் வலம்வரும் வண்ணம் இறைவன் கல்லாய் நின்றான் என்று பெரியோர் பொருள் விரிப்பர். 1896-இல் அங்குச் சென்று 1950-இல் சமாதி அடையும்வரை அம்மலையடியை விட்டு நீங்காத பகவான் ரமண மகரிஷி, அம்மலையையே தமது குருவாகக் கொண்டார்.

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருநல்லூரில் மூலவர் பஞ்சவர்ணேசுவரர் எனப் போற்றப்படுகிறார். ஒரு நாளில் ஐந்து நிறங்களில் அவர் காட்சி தருவதாக நம்பிக்கை. நிறங்கள் ஐந்தானாலும் இலிங்கம் ஒன்றே. நாமரூபங்கள் பலவானாலும் பொருள் ஒன்றே. தோட்டத்து மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, வேப்பிலை சார்த்தி வழிபட்ட பாட்டனாருக்கு இத்தத்துவம் எவரும் வகுப்பெடுத்துக் கற்பித்ததன்று. கல்லின் நிறத்தை அவர் பாராமல், கல்லுக்குள் நின்ற கருணையைக் கண்டார்.

தென்திசையில் ஒரு செம்பாறை

உலகில் நிறம் மாறும் பாறைகளில் பெரும்புகழ் பெற்றது ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலுள்ள ஊலுரு. சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் இம்மணற்பாறையின் அடிச்சுற்று ஏறத்தாழ 9.4 கிலோமீட்டர். விடியலில் இளஞ்சிவப்பாகவும், நண்பகலில் காவி கலந்த பழுப்பாகவும், கதிர் சாயும் வேளையில் தணல் போன்ற செந்நிறமாகவும் அது காட்சி தரும். அரிதாகப் பெய்யும் மழையில் ஊதாவும் வெள்ளியும் கலந்த நிறங்கொள்ளும். ஆனால் அப்பாறையின் உள்நிறம் சாம்பலே. அதிலுள்ள இரும்புச் சத்து காற்றுப்பட்டுத் துருவேறிய மெல்லிய மேற்தோலே செம்மையாகத் தெரிகிறது. குகைகளின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தை இன்றும் காணலாம்.

அம்மண்ணின் பழங்குடியினரான அனாங்கு மக்களுக்கு ஊலுரு புனிதத் தலம். 1873-இல் அங்குச் சென்ற ஐரோப்பியர் ஒருவர் அதற்குத் தம் நாட்டு அதிகாரி ஒருவரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத்தில் சுற்றுப்பயணிகள் பாறைமீது ஏறுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டனர். 'எங்கள் மூதாதையர் தடம் பதித்த இடம். ஏறாதீர்கள்' என்று அம்மக்கள் பல்லாண்டுகள் பணிவுடன் வேண்டிக்கொண்டனர். 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 26-இல் அந்நிலத்தின் உரிமை அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 1987-இல் இயற்கைச் சிறப்புக்காகவும், 1994-இல் பண்பாட்டுச் சிறப்புக்காகவும் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. உரிமை திரும்பிய அதே அக்டோபர் 26-ஆம் நாளில், 2019-இல், பாறைமீது ஏறுவது நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஊலுருவிலிருந்து நினைவுப் பொருளாகக் கல்லை எடுத்துச் சென்றோர் பலர், பின்னாளில் மனம் வருந்தி, மன்னிப்புக் கடிதத்துடன் அக்கற்களை அஞ்சலில் திருப்பி அனுப்பியுள்ளனர். வேற்று நாட்டார், வேற்றுச் சமயத்தார். ஆயினும் ஒரு கல்லை அதன் இடத்திலிருந்து பெயர்த்தது தவறு என்று அவர்கள் உள்ளம் உணர்ந்தது.

கடாரத்தின் கலங்கரை

ஜெராய் மலைக்கும் தமிழருக்கும் உள்ள உறவு ரப்பர் காலத்தில் தொடங்கியதன்று. வங்கக் கடலைக் கடந்து வந்த கலங்களுக்குக் கரை நெருங்கியதை முதலில் அறிவித்தது இம்மலையே. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்கினார். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கியதைச் செப்பேடுகள் கூறுகின்றன. அவன் மகன் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடற்படை செலுத்திக் 'கடாரம் கொண்டான்' எனப் பெயர் பெற்றான். நட்பும் போரும் வணிகமும் வழிபாடும் கலந்த நெடிய வரலாறு அது.

அவ்வரலாற்றின் கற்சான்றுகள் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்பவர் அங்குள்ள எச்சங்களைப் பற்றி எழுதினார். 1930-களில் குவாரிச் வேல்ஸ் தம் துணைவியாருடன் அகழாய்வு செய்தார். புக்கிட் பத்து பாஹாட்டில் ஓடைக்கரையில் நின்ற கருங்கல் ஆலயம் 1959, 1960-ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் தலைமையில் மீட்டமைக்கப்பட்டது. விமானமும் மண்டபமுமாக அமைந்த அவ்வாலயம் சிவாலயமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். புத்த சமயச் சின்னங்களும் அப்பள்ளத்தாக்கில் உண்டு. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் மேற்கொண்ட அகழாய்வுகள் இரும்பு உருக்கிய களங்களை வெளிக்கொணர்ந்தன. மண்ணுக்குச் செம்மை தந்த அதே இரும்பே இவ்வட்டாரத்திற்குச் செல்வமும் தந்தது.

நிறம் மாறக்கூடாத இடங்கள்

ஒளியினால் மலை நிறம் மாறுவது இயற்கையின் விளையாட்டு. அதனால் எவருக்கும் தீங்கில்லை. மாலையில் கருத்த மலை மறுநாள் காலையில் மீண்டும் சிவக்கும். ஆனால் மனிதர் கையால் நேரும் மாற்றம் அத்தகையதன்று.

2013-ஆம் ஆண்டின் இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கில் தனியார் நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது தெரியவந்தது. ஆயிரம் ஆண்டுத் தொன்மை உடையதாகக் கருதப்பட்ட அச்செங்கல் அடித்தளம் சில நாள் வேலையில் மறைந்தது. நாடெங்கும் வருத்தக் குரல் எழுந்தது. குரல் எழுந்தபோது கல் இல்லை. இடிபடுவதற்கு முன் அவ்விடத்தை ஒருமுறையேனும் சென்று கண்ட தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? பிறரைக் குறை கூறுமுன் இக்கேள்விக்கு ஒவ்வொரு வீடும் விடை காண வேண்டும்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-இல் பெருமழை பெய்து, ஜெராய் மலைச்சரிவுகளில் மண் சரிந்து, மரங்களையும் பாறைகளையும் சுமந்துகொண்டு வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் பாய்ந்தது. உயிர்கள் மாண்டன, வீடுகள் சேற்றில் புதைந்தன. மழை ஓய்ந்தபின் தலைநிமிர்ந்து பார்த்தோர், பச்சை மலையின் மேனியில் மண்ணிறத் தழும்புகளைக் கண்டனர். எந்தக் கதிரவன் எழுந்தும் மாற்றாத நிறம் அது. அத்தழும்பு ஆற, வேர் பிடிக்க, காடு மீள ஆண்டுகள் பல வேண்டும். மலைக்காடு ஊருக்குக் குடை, ஓடைக்குத் தாய். அதன் பசுமையைக் காப்பது வழிபாட்டின் ஒரு பகுதியே. அருவிக்கரைக்குச் செல்வோர் நெகிழிப் பைகளை விட்டு வருவதும், பாறைகளில் சாயம் கொண்டு பெயர் எழுதுவதும் சிறிய பிழைகளல்ல.

அசையாத சாட்சி

இறுதியாக ஒன்று. தோட்டங்கள் மாறிவிட்டன. பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது; சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. லயத்து வீடுகள் மறைந்தன. சில ஆலயங்கள் இடம் பெயர்ந்தன. தோட்டத்தில் பிறந்தோர் சுங்கைப் பட்டாணித் தாமான்களிலும், பினாங்குத் தொழிற்சாலை ஊர்களிலும், கோலாலம்பூர் அடுக்குமாடிகளிலும் வாழ்கின்றனர். பழைய தோட்டத்திற்குத் திரும்பிச் செல்லும் முதியவருக்குத் தம் வீடு இருந்த இடத்தைக் காட்ட ஒரு சுவர்கூட மிஞ்சுவதில்லை. அவர் செய்வது என்ன? தலையை உயர்த்தி மலையைப் பார்க்கிறார். 'மலை இந்தக் கோணத்தில் தெரிந்தது. அப்படியானால் பெரட்டுக் களம் இங்கே, கோயில் அங்கே, வீடு இவ்விடத்தில்' என்று கணக்கிட்டுக் காலால் மண்ணில் ஒரு கோடு கிழிக்கிறார். எல்லாம் இடம் மாறிய பின்னும் இடத்தைக் காட்டித்தரும் பொருள் அசலம் ஒன்றே.

ஆண்டவனும் அத்தகையவனே. இன்பத்தில் பொன்னாகவும், துன்பத்தில் கருமையாகவும், தொலைவில் நின்றால் நீலமாகவும் அவன் தோன்றுகிறான். அருகே செல்லச் செல்ல இடையிலுள்ள திரை விலகும்.

ஆதலின் பெற்றோர்களே, வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சிசாலைக்கு அழைத்துச் செல்க. தாத்தா பாட்டியரையும் உடன் அழைத்துச் செல்க. பழைய கல்லைப் பிள்ளைகள் காணட்டும். பழைய கதையை முதியோர் கூறட்டும். அதனை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். திரும்பும் வழியில், கதிர் சாயும் வேளையில் வண்டியைச் சற்று நிறுத்தி மலையைக் காட்டுக. 'இதன் உண்மை நிறம் எது?' என்று பிள்ளை கேட்டால், உடனே விடை கூற வேண்டாம். மறுநாள் விடியலில் எழுந்து மீண்டும் பார்க்கச் சொல்க.

அன்னையின் அருளால் மலைவளம் பெருகுக. மழை அளவோடு பொழிக. குடிகள் அனைவரும் நலம் பெறுக.

திருச்சிற்றம்பலம்.